தானாக ஓடும் வீடு

நான் வாசலைத் தாண்டுகிறவரை காத்திருக்கும். தெருமுனை திரும்புகிறவரைகூடப் பொறுத்துக்கொள்ளும். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி, ஜன்னலோரம் ஓர் இடமும் பிடித்து, அப்பாடா என்று பையை மடியில் வைக்கிற நேரம் பார்த்துத்தான் அந்த வீடு உயிரை விடும்.

அனந்தலக்ஷ்மி இதை நினைத்து முடிக்கவில்லை. மடியில் இருந்த பைக்குள் போன் அதிர்ந்தது.

“லக்ஷ்மி, எங்க இருக்கே?” என்றார் கணவர் நாகேஸ்வரன்.

“பஸ்ல. என்ன ஆச்சு?”

“பயப்படாதே, ஒண்ணும் இல்லே. மோட்டார் நின்னுபோச்சு. டேங்க்ல பேருக்குக்கூட ஜலம் இல்லே. அக்கா சோப்புப் போட்டுண்டு உள்ள நிக்கறா.”

குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து நாத்தனார் வாலாம்பாளின் குரல், போன் தேவையில்லாமலே பஸ்வரை வந்தது. “கண்ணு எரியறதுடா நாகு! அவளை வரச்சொல்லு!”

“பழைய ஸ்விட்சைப் போடுங்கோளேன்.”

“பழைய ஸ்விட்சு ஏது? அதெல்லாம் கழட்டியாச்சே. இப்ப எல்லாம் போர்டாக்கும்.”

வீட்டில் ஒருத்தி நுரையோடு நிற்கிறாள், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, அந்த மனுஷரின் குரலில் ஒரு பதற்றம் உண்டா? குழந்தைக்கு ஜுரம் விட்டுவிட்டது என்று சொல்கிறவர் மாதிரி நிதானமாகப் பேசினார். அனந்தலக்ஷ்மி பல்லைக் கடித்துக்கொண்டு ஓவர்பிரிட்ஜில் இறங்கினாள். ஆட்டோ பிடித்தாள். வலியசாலைத் தெருவில் நுழையும்போதே தன் மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டிய பொய்யைத் தயார் செய்துகொண்டாள். போன பொய்யும் தண்ணீர் பற்றியதுதான். இந்தத் தடவை வேறு வேண்டும்.

வாசலில் செருப்பைக் கழற்றினாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. கொல்லையில் மோட்டார் ‘ம்ம்ம்’ என்று உறுமிக்கொண்டு கிளம்பியது.

“பாத்தயா! அவ கால் பட்டதும் ஜலம் வந்துடுத்து!” என்று குளியலறைக்குள்ளிருந்து வாலாம்பாள் கூவினாள். “சாக்ஷாத் மகாலக்ஷ்மிடி நீ!”

சாக்ஷாத் மகாலக்ஷ்மி புடவை முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். தாமரையில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஆபீஸ் கிடையாது. இவளுக்கு உண்டு.

அதுதான் பிரச்சினையே.

அவள் வேலை பார்த்த இன்சூரன்ஸ் கம்பெனி அவளை எரணாகுளம் கிளைக்கு மேனேஜராகப் போட்டிருந்தது. இப்படி ஒரு வாய்ப்பு முன்பும் ஒரு தடவை வந்தது. அப்போது மகள் மாளவிகா பத்தாம் வகுப்பில் இருந்தாள். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் அடை வார்த்துப் போட்டாள். அந்த இடத்துக்குப் போனவன் இன்று அவளுக்கே மேலதிகாரி. தண்ணீர்ப் பொய்யெல்லாம் கேட்டுக்கொள்கிற அதே மேலதிகாரி. மாளவிகா இப்போது புனேயில் வேலையில் இருக்கிறாள். இனி ஒரு வாய்ப்பு வராது, வயது அப்படி. திங்கள்கிழமை விடியற்காலை ரயிலேறினால் வெள்ளிக்கிழமை ராத்திரி வீடு. சம்மதமா இல்லையா என்பதை இந்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

செய்தியைச் சொன்ன அன்று நாகேஸ்வரன் பத்திரிகையை நாலாக மடித்தார். மறுபடி பிரித்தார். மறுபடி மடித்தார்.

“போயேன். யாரு வேண்டாம்னா?” என்றார். “நீ இல்லாட்டாலும் வீடு தானா ஓடும். ஓட வெச்சுக் காட்டறேன்.”

அரசாங்க அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு யூட்யூபில் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்களைப் பற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு, இது ஒரு சாக்கு. கூரியரில் பெட்டி வந்தது. உள்ளே தீப்பெட்டி அளவில் பச்சைப் பலகைகள். ஒவ்வொன்றும் ஒரு முழுக் கம்ப்யூட்டராம். ஒன்று மோட்டாருக்கு, ஒன்று கீஸருக்கு, ஒன்று ரைஸ் குக்கருக்கு, ஒன்று ஸ்வாமி அறை விளக்குக்கு, ஒன்று துளசிக்குத் தண்ணீர் விட.

தெருவே அவரைப் புகழ்ந்தது. “பொண்டாட்டி வேலைக்குப் போகணும்னு வீட்டையே மெஷினாக்கறாரே, கொடுத்து வெச்சவடி நீ” என்று கோயில் வாசலில் வைத்து மாமிகள் சொன்னார்கள். அனந்தலக்ஷ்மி சிரித்து வைத்தாள். கொடுத்து வைத்தவளுக்கு உள்ளே ஏன் எதுவோ நெருடுகிறது என்று அவளுக்கே விளங்கவில்லை. ‘நீ போய்வா’ என்று சொன்னால் போதுமே. ‘நீ இல்லாவிட்டாலும்’ என்பதை எதற்கு முன்னால் கோத்தார்?

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாம் ஆரம்பித்தது. கூடத்தில் பாய் விரித்து, போர்டுகளை வரிசையாக வைத்து, நாகேஸ்வரன் உட்கார்ந்தார். பிள்ளையாரைக் கும்பிடாமல் எந்தக் காரியமும் தொடங்காதவர். முதல் போர்டுக்குப் பிள்ளையார் என்றே பெயர் வைத்து, நடுவில் ஒரு சந்தனப் பொட்டு வைத்து, ஈரம் காயுமுன் கரண்டு கொடுத்தார். ஒரு சின்னப் புகை. முதல் போர்டு பிள்ளையாருக்கே போயிற்று. அதை ஸ்வாமி அறையில் வைத்துவிட்டு, உபரியாக வாங்கியிருந்ததை எடுத்தார்.

“உன் போனைத் தா. இந்த ஆப் என் போன்ல ஏற மாட்டேங்கறது” என்றார்.

“என் போன் எதுக்கு?”

“அமைக்கறதுக்கு மட்டும்தான். அப்புறம் வேண்டாம்.” ஒரு போர்டைக் கையில் எடுத்துக் காட்டினார். “கேட்டயா, இது ஒரு கல்யாணம் மாதிரி. இப்ப இந்த போர்டு தனக்குன்னு ஒரு வைஃபையை வெச்சுண்டிருக்கு. அது அதோட பொறந்த வீடு. போன் அங்க போய், அது காதுல நம்ம வீட்டு வைஃபை பேரையும் பாஸ்வேர்டையும் சொல்லும். உடனே அது தன்னோட வீட்டை மறந்துட்டு நம்மாத்துக்கு வந்துடும்.”

“மறந்துடணுமா?”

“மறந்தாத்தான் வேலை செய்யும்.”

பக்கத்தில் உட்கார்ந்து பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்த வாலாம்பாள், “நல்ல போர்டு” என்றாள்.

அனந்தலக்ஷ்மி போனை அவர் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது கொஞ்சம் ஓசை வந்தது.

பாஸ்வேர்டு ரௌட்டரின் அடியில் ஒட்டியிருந்தது. ஆனால் சரஸ்வதி பூஜையன்று அரிவாள்மணை முதல் ரௌட்டர்வரை சந்தனம் குங்குமம் வைத்தவர் நாகேஸ்வரன். மேலே மட்டும் வைத்தால் போதாதென்று அடியிலும் பக்தியோடு பூசியிருந்தார். சுரண்டியபோது சந்தனத்தோடு எழுத்தும் வந்துவிட்டது. கடைசியில், இணைப்புக் கொடுத்த கேபிள்காரர் அனூப்பையே கூப்பிட வேண்டியதாயிற்று. அனந்தலக்ஷ்மி உள்ளே தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டர் நின்றபோது அனூப் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

“எல்லாம் ஓகே ஆணு மாமி. இனி மாமி தைரியமாயிட்டுப் போகாம்” என்று, அவள் தைரியமாகப் போகலாமென்பதை மலையாளத்தில் சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பினார்.

“போனைத் தாங்கோ” என்றாள் கணவரிடம்.

“இரு, இரு. ஒரு சின்னப் பணி பாக்கி.”

அந்தச் சின்னப் பணி மாவு பொங்குகிறவரை நடந்தது. போன் திரும்பி வந்தபோது சுட்டது.

அன்று மாலை எல்லாம் வேலை செய்தது. மோட்டார் தானே ஓடித் தானே நின்றது. ஸ்வாமி அறையில் சந்தி வேளைக்குச் சரியாக விளக்கு எரிந்தது. துளசிமாடத்தில் மெல்லிய குழாயிலிருந்து தண்ணீர் ஊறியது. தெரு மாமிகள் வந்து பார்த்து மூக்கில் விரல் வைத்தார்கள். அனந்தலக்ஷ்மிக்கே ஒரு நிம்மதி. உள்ளே நெருடிய முள் என்று நினைத்தது வெறும் தூசிதான் போலிருக்கிறது.

திங்கள்கிழமை அவள் ஆபீஸ் போனாள். வீடு செத்தது.

அதற்குப் பிறகு தினமும் இதே கதை. அவள் வீட்டில் இருந்தால் எல்லாம் பரம சாதுவாக நடக்கும். படியிறங்கினால் கீஸர் குளிரும், குக்கர் பாதி வேகும், விளக்கு அணையும்.

“நெட் போனா எல்லாம் நின்னுடணும்னு வெச்சிருக்கேன். அது சேஃப்டி” என்றார் நாகேஸ்வரன்.

“நெட் ஏன் போறது?”

“அதாக்கும் தெரியலே.”

“அனூப்பைக் கூப்பிட்டுக் கேளுங்கோ.”

“அவன் பாவம், நூறு வீடு பாக்கறவன். நானே பாத்துக்கறேன்.”

வாலாம்பாளுக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. “க்ருஹலக்ஷ்மி வெளியில கால் வெச்சா விளக்கு அணையறதுன்னா, அதுக்கு என்ன அர்த்தம்? நான் ஒண்ணும் சொல்லலேடி. விளக்கு சொல்றது.”

“விளக்குக்கு நாக்கு எப்போ மொளைச்சுது அக்கா?”

“பரிகாசம் பண்ணாதே.”

அனந்தலக்ஷ்மி பரிகாசம் செய்யவில்லை. கோபத்தில் இருந்தாள். அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ள ஓர் இடமில்லை என்பதுதான் அதைவிடப் பெரிய கோபம். கணவர்மேல் கோபப்படலாமென்றால், அவர் அவளுக்காகத்தானே இரவும் பகலும் ஒயரோடு மல்லுக்கட்டுகிறார்? நாத்தனார்மேல் என்றால், கண்ணெரிய நிற்கிறவள் அவள்தானே? பச்சைப் பலகைமேல் கோபப்பட்டால் ஊர் சிரிக்கும். போன்மேல் வேண்டுமானால் படலாம். அதுவும் இந்த நாட்களில் கிழடு தட்டிவிட்டது. நெற்றியில் கை வைத்துப் பார்க்கிற மாதிரி சுட்டது, மத்தியானத்துக்குள் சார்ஜ் இறங்கியது. எல்லாமே ஒரே நேரத்தில்தான் கெட வேண்டுமா?

அவளும் சும்மா இருக்கவில்லை. கணக்கு வழக்கில் ஊறியவள், தப்பு எங்கே என்று தேடாமல் தூக்கம் வராது. “நெட் போயிட்டு வந்தா, விட்டுப்போன வேலையை போர்டு மறக்காம செய்யணும். அப்படி எழுதுங்கோ. நெட் பத்து நிமிஷம் போனாலும் குத்தமில்லையே” என்றாள்.

நாகேஸ்வரன் அவளை ஒரு கணம் மரியாதையோடு பார்த்தார். எழுதினார்.

மறுநாள் சாயங்காலம் அவள் ஆபீஸ் விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாள். பகல் முழுதும் விட்டுப்போன வேலைகளை வீடு அந்த நிமிஷம் ஞாபகம் வைத்துச் செய்யத் தொடங்கியது. மோட்டார் கிளம்பிற்று. கீஸர் கிளம்பிற்று. காலையில் கழுவி வைத்து, ஊறிப் புளித்துப்போன அரிசியைக் குக்கர் வேக வைக்க ஆரம்பித்தது. உச்சி வேளைக்கும் சந்தி வேளைக்கும் சேர்த்து ஸ்வாமி விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. துளசிமாடத்தில் வேளைக்கு ஒன்றாகச் சேர்ந்த தண்ணீர் அத்தனையும் ஒரே மூச்சில் பாய்ந்து, செடி வேரோடு சாய்ந்தது. டேங்க் நிரம்பி, வழிந்து, பொதுச்சுவர் மேல் கொட்டியது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பகவதிப்பெருமாள் பிள்ளை தலையை நீட்டினார். நாஞ்சில் நாட்டுக்காரர். சாலை பஜாரில் மளிகைக் கடை. “என்ன சாமி, ஒம்ம வீட்டுக்கு மட்டும் மழை பெய்யுதாவே? எஞ் சுவரு ஊறிப் போச்சு!”

“டெக்னாலஜி பிள்ளைவாள், டெக்னாலஜி!”

“என்ன எளவோ, அதுக்கு ஒரு குடை பிடியும்!”

அதோடு பியூஸ் போயிற்று. இருட்டில் வாலாம்பாளின் குரல் மட்டும் கேட்டது. “வந்ததும் வராததுமா துளசியைச் சாச்சுட்டாளே.”

நானா சாய்த்தேன்? அனந்தலக்ஷ்மி மெழுகுவர்த்தி தேடிக்கொண்டே அந்தக் கேள்வியை விழுங்கினாள். நானா?

அடுத்ததாக ஒரு நாள் லீவு போட்டு, வீட்டிலேயே உட்கார்ந்து, எப்போது நெட் போகிறதென்று பிடித்துவிடுவது என்று முடிவு செய்தாள். காலையிலிருந்து கூடத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தாள். நெட் போகவில்லை. ஒரு விளக்கு சிமிட்டவில்லை. வீடு, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த பெண்ணைப் போல் அத்தனை அடக்கமாக இருந்தது. மேலதிகாரி மட்டும் போன் பண்ணி, “எரணாகுளத்துலயும் இப்படித்தான் லீவு போடுவீங்களா மேடம்?” என்று கேட்டார்.

அன்று மத்தியானம் நாகேஸ்வரன் அவள் இலையில் அவரே ரசம் விட்டார். அப்படி ஒரு அதிசயம் கல்யாணமான புதிதில் நடந்திருக்கலாம், அவளுக்கு நினைவில்லை.

“பாத்தயா, நீ இருந்தா ஒரு தொந்தரவும் இல்லே” என்றார் கனிவாக. “நான் எவ்வளவோ முயற்சி பண்ணிட்டேன் லக்ஷ்மி. உனக்கே தெரியும். இந்தத் தடவை வேண்டாம்னு எழுதிடேன். அடுத்த தடவை வராமலா போகும்?”

அவள் இலையை மடித்துக்கொண்டு எழுந்தாள். ரசம் நெஞ்சில் காந்தியது.

கை கழுவும்போது ஒன்றைத் தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள். பஸ்ஸில் போன் அதிரும்போதெல்லாம் கோபம் வருகிறது, வாஸ்தவம். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில், பாயசத்தில் கிடக்கும் ஒற்றை முந்திரிப்பருப்பு போல ஒரு ருசி இருக்கிறது. நான் இல்லாமல் முடியவில்லை பார். நான் போனால் விளக்குகூட எரிய மாட்டேன் என்கிறது பார். இத்தனை வருஷம் யாரும் சொல்லாததை ஒரு மோட்டார் சொல்கிறது. அந்த ருசிக்காகத்தான் போன தடவை ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதினோமா? நினைத்தபோது முகம் சுட்டது. தன்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்காவது இடம் தேட வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் தன் போனிலேயே மின்மடலைத் திறந்து, ‘தற்போதைய குடும்பச் சூழ்நிலையில்’ என்று தட்டச்சு செய்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன தடவை எழுதிய அதே சொற்கள், ஒரு சேதமும் இல்லாமல் அப்படியே இருந்தன. ‘அனுப்பு’ என்பதை அழுத்தினால் முடிந்தது.

பக்கத்து நாற்காலி ஷைலஜா எட்டிப் பார்த்தாள். “மாமி, ஆபீஸ் நெட் போயி. ஹாட்ஸ்பாட் ஒண்ணு இட்டுத் தருமோ? மகளுக்கு ஃபோட்டோ அனுப்பணும்.”

“எனக்கு அதெல்லாம் போடத் தெரியாதே. போட்டதே இல்லே.”

“ஈஸி ஆணு மாமி. இங்கோட்டுத் தரூ.” வாங்கிப் பார்த்தவள் புருவத்தைத் தூக்கினாள். “இது ஓன் ஆணல்லோ.”

“ஆன் ஆகியா இருக்கு?”

அனந்தலக்ஷ்மி போனைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். அவள் போனிலிருந்து ஒரு வைஃபை வீசிக்கொண்டிருந்தது. யாரும் சேராவிட்டால் தானே அணைந்துவிட ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதுவும் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. போன் சூடாவதும் சார்ஜ் இறங்குவதும் ஒரு நொடியில் விளங்கின. அடுத்த நொடியில் மோட்டார் விளங்கியது. கீஸர், குக்கர், விளக்கு, பாவம் அந்தத் துளசி, எல்லாம் விளங்கின.

போர்டுகள் வீட்டு வைஃபைக்கு வாக்கப்படவில்லை. இவள் போனுக்கு வாக்கப்பட்டிருக்கின்றன! இவள் போன் கைப்பையில் இருக்கிறது. கைப்பை ஆபீஸுக்கு வருகிறது. இதில் எந்த மகாலக்ஷ்மியும் இல்லை.

“மாமி, எந்தா சிரிக்குன்னது?”

“ஒண்ணும் இல்லே குட்டி. எங்காத்து மோட்டார் தினமும் எங்கூட ஆபீஸ் வந்துண்டிருக்கு.”

மடலை அனுப்பாமல் அப்படியே விட்டுவிட்டு, அரைநாள் சொல்லிக் கிளம்பினாள். பஸ்ஸில் தனியாகச் சிரித்தாள். எத்தனையோ நாளாகச் சுமந்த கோபமெல்லாம் உதிர்ந்து, அந்த மனுஷர்மேல் ஒரு பிரியமே வந்தது. பாவம்! அனூப் போனபிறகு எதையோ நோண்டியிருக்கிறார். போன் கேட்ட கேள்விக்கெல்லாம் ‘சரி’, ‘சரி’ என்று அமுக்கியிருக்கிறார். ஆபீஸிலும் பியூன் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டவர்தானே. இதற்காகவா இந்தப் பாடு! அனூப்பைக் கூப்பிட்டால் ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் மாற்றிவிடுவார். திங்கள்கிழமை விடியலில் ரயில்.

வீட்டு வாசலில் நின்று ஹாட்ஸ்பாட்டை அணைத்தாள். செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்தாள். எதுவும் ஓடவில்லை. ஸ்வாமி அறை இருட்டாக இருந்தது. போனில் விரலை வைத்து ஹாட்ஸ்பாட்டைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் மோட்டார் உறுமியது. அணைத்தாள், நின்றது. மறுபடி திறந்தாள்.

கூடத்தில் வாலாம்பாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாகேஸ்வரன் நாற்காலியிலிருந்து எழுந்தார். “என்ன, சீக்கிரம் வந்துட்டே? எழுதிட்டயா?”

“முதல்ல இதைக் கேளுங்கோ.” சிரிப்பு தாங்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். போன் சுட்டது, ஷைலஜா கேட்டது, இப்போது வாசலில் நின்று அணைத்து அணைத்துப் பார்த்தது, எல்லாம். “உங்க போர்டெல்லாம் என் போனைப் பிடிச்சுத் தொங்கிண்டிருக்கு! நான் போனா அதுகளும் எங்கூட கிளம்பிடறது!”

“அப்படியா?” என்றார் நாகேஸ்வரன். கேட்டுக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்படியா, ஆச்சரியமா இருக்கே.”

“என்ன ஆச்சரியம்? ஏதோ தெரியாம அமுக்கியிருக்கேள். இந்த மாதிரி ஒரு பித்துக்குளித்தனம் உலகத்துல யாராவது பண்ணுவாளா? பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நல்ல முட்டாள்தனம், போங்கோ!”

கீரைத்தட்டு டணாரென்று தரையில் இறங்கியது.

“என் தம்பியை முட்டாள்னு சொல்லாதே, சொல்லிட்டேன்” என்றாள் வாலாம்பாள். முகம் சிவந்திருந்தது. “எஸ்.எஸ்.எல்.சி.யில ஸ்கூல்லயே முதல்ல வந்தவன் அவன். அவனுக்கா தெரியாது?”

“அக்கா,” என்றார் நாகேஸ்வரன்.

“சும்மா இருடா, உன் புத்தியைக் குறைச்சுப் பேசினா கேட்டுண்டிருக்க என்னால முடியாது. இந்தா கேட்டுக்கோ லக்ஷ்மி. அன்னிக்கு அனூப் எல்லாத்தையும் ஒழுங்கா வீட்டு வைஃபையிலதான் சேர்த்துக் குடுத்துட்டுப் போனான். நீ உள்ள அரைச்சுண்டிருந்தே. அவன் போனப்புறம் இவன்தான் ஒண்ணொண்ணா மறக்கடிச்சு, உன் போன்ல கொண்டு கோத்தான். ‘அக்கா, மூச்சு விடாதே, அவளே வேண்டாம்னு எழுதிடுவா’ன்னு எங்கிட்ட சத்தியம் வேற வாங்கிண்டான். பின்ன, நான் சோப்போட கண்ணெரிய நின்னதெல்லாம் என்ன, வேண்டுதலா?”

கொல்லையில் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அனந்தலக்ஷ்மி கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது. ‘போகாதே’ என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல முடியாமல் இந்த மனுஷர் கூரியரில் பெட்டி வரவழைத்து, ஸ்விட்சுகளைக் கழற்றி, தெருவெல்லாம் பேர் வாங்கி, துளசியைக் கொன்றிருக்கிறார். சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். அழுதிருக்கலாம். ஒருவேளை இருந்துகூட இருக்கலாம். இப்போதாவது சொல்வாரோ என்று காத்தாள். அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் காத்தாள்.

அவர் சொல்லவில்லை.

போனை எடுத்தாள். ‘தற்போதைய குடும்பச் சூழ்நிலையில்’ என்பதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். அந்த இடத்தில் ‘சம்மதம்’ என்று எழுதி அனுப்பினாள். பிறகு ஹாட்ஸ்பாட்டை அணைத்தாள்.

மோட்டார் நின்றது. ஸ்வாமி விளக்கு அணைந்தது. உள்ளே குக்கர் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது.

நாகேஸ்வரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“லக்ஷ்மி,” என்றார். “டேங்க் பாதிகூட ரொம்பலே. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். அதை மட்டும் ஆன் பண்ணு.”

“மாட்டேன்” என்றாள் அனந்தலக்ஷ்மி, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காத குரலில்.